மார்பளவு உயரத்தில் ஒரு கூரை

போன மாதம் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரத்தில் போன் வந்தது. சிறையில் எனக்குப் பிறகு வயர்மேன் பயிற்சிக்கு வந்திருக்கும் இன்ஸ்ட்ரக்டர் தம்பிதான். எடுத்ததுமே புலம்பல்.

“சார், ஒரு ஏணிய வகுப்புக்குக் கொண்டார இத்தன கையெழுத்தா? கேட்ல ஒண்ணு, டவர்ல ஒண்ணு, பட்டறையில ஒண்ணு. அதுக்குன்னே தனி ரெஜிஸ்டர் வச்சிருக்காங்க. எந்த மகராசன் சார் இதக் கண்டுபிடிச்சது?”

“நான்தான் தம்பி,” என்றேன்.

“ஐயோ, மன்னிச்சிருங்க சார்!” என்றார். பாவம், நல்ல பிள்ளை. அந்த ரெஜிஸ்டர் வருவதற்கு முன்னால் வகுப்பில் ஏணியே கிடையாது, அதை வரவழைக்க ஒரு ஆளின் பிழைப்பே அந்தரத்தில் தொங்க வேண்டியிருந்தது என்று சொன்னேன். “எப்படி சார்?” என்றார். போனில் சொல்லி மாளாது என்பதால் எழுத உட்கார்ந்தேன்.

எந்த ஊர்ச் சிறை என்று எழுதப்போவதில்லை. அங்கே இன்னும் வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், அங்கிருந்து வெளியே வந்து கௌரவமாகப் பிழைப்பவர்களும் இருக்கிறார்கள். பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். என்னை மட்டும் மாற்றவில்லை. கோபக்காரன், வாய்த்துடுக்கு, தன் வேலையைப் பற்றித் தானே மெச்சிக்கொள்பவன் என்று என் மனைவி சொல்லும் குணங்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன.

எனக்குச் சொந்த ஊர் திருமயத்துக்குப் பக்கம். ஐ.டி.ஐ. படித்தேன், சில வருடம் வீடு வீடாக வயரிங் செய்தேன், பிறகு ஐ.டி.ஐ.யிலேயே இன்ஸ்ட்ரக்டர் ஆனேன். நாற்பத்தைந்து வயதில் சிறைக்கு டெபுடேஷன் போட்டார்கள். ஒரு வருடம்தான் என்றார்கள், ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்துவிட்டேன். உறவுக்காரர்களுக்கு இது பெரிய வேடிக்கை. மகனுக்குப் பெண் பார்த்தபோது பெண் வீட்டார் யாரிடமோ விசாரித்திருக்கிறார்கள். “மாப்பிள்ளையோட அப்பா ரொம்ப வருசமா ஜெயில்லதான் இருக்காரு” என்று தகவல் போயிருக்கிறது. நல்லவேளை, சொன்னவரே “அதுக்கு அவருக்குச் சம்பளம் குடுக்குறாங்க” என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். இல்லாவிட்டால் சம்பந்தம் அன்றைக்கே முறிந்திருக்கும்.

சிறைக்குள் வயரிங் கற்றுக்கொடுப்பது வெளியே கற்றுக்கொடுப்பதைப் போன்றதல்ல. காலையில் ஸ்குரூ டிரைவர், பிளேயர், டெஸ்டர் எல்லாவற்றையும் எண்ணிக் கொடுத்து, சாயங்காலம் எண்ணி வாங்க வேண்டும். அது பழகிவிடும். பழகாதது வேறு. வயர் போகும் பைப் கடையில் பத்தடி நீளத்தில் வரும். அவ்வளவு நீளமான எதுவும் உள்ளே வரக்கூடாது என்பது விதி. அதனால் கேட்டிலேயே ரம்பத்தை வைத்து ஒவ்வொரு பைப்பையும் பாதியாக அறுத்துவிடுவார்கள். உள்ளே காலர் என்ற இணைப்புத் துண்டைப் போட்டு மறுபடி ஒட்டிவிடலாமே என்று கேட்காதீர்கள். நான் கேட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஏணியின் கதை இன்னும் தெளிவானது. ஏணி உள்ளே வந்தால் ஆட்கள் பூட்டுக்குள்ளே இருப்பார்கள், ஆட்கள் பூட்டுக்கு வெளியே இருந்தால் ஏணி சுவருக்கு வெளியே இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே கூடாது. மின்விளக்கு மாற்ற வெளியிலிருந்து ஆள் வந்தால், எல்லாரையும் அடைத்த பிறகுதான் ஏணி கேட்டைத் தாண்டும். ஏணி மட்டுமல்ல, ஏறுவதே குற்றம். மரத்தில், ஜன்னல் கட்டையில், தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில், எதில் ஏறினாலும் விசில் பறக்கும். விசில் கேட்டால் அத்தனை பேரும் அந்தந்த இடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட வேண்டும்.

இதில் ஃபேன் மாட்டுவதை எப்படிக் கற்றுக்கொடுப்பது? நான் யோசித்தேன். பழைய கதவுப் பலகை ஒன்றுக்கு நாலு கால் அடித்து மார்பளவு உயரத்தில் நிறுத்தினேன். அதன் அடிப்பக்கம்தான் எங்கள் கூரை. பையன்கள் அதற்கடியில் உட்கார்ந்து அண்ணாந்தபடி, ஃபேனுக்கு வயர் இறங்கும் சீலிங் ரோஸைப் பொருத்துவார்கள். ஃபேன் கொக்கியும் அதில் உண்டு. தண்டைக் குட்டையாக வெட்டி மாட்டினால் இறக்கைகள் தரையிலிருந்து ஒரு முழம் மேலே சுற்றும், முழங்காலுக்குக் காற்று பிரமாதமாக வரும். ஆய்வுக்கு வந்த அதிகாரி அதைப் பார்த்துவிட்டு என் முதுகில் தட்டிக்கொடுத்தார். நானும் அன்று பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் மகாராஜா மாதிரி வீட்டுக்கு வந்தேன். அந்தத் தட்டல் எத்தனை பெரிய முட்டாள்தனத்துக்குக் கிடைத்தது என்று புரிய வருடங்கள் ஆயின.

புரியவைத்தவன் செல்லையா. மீமிசல் பக்கம் கடற்கரைக் கிராமம். வலை விஷயமாகக் கரையில் நடந்த சண்டையில் ஒரு உயிர் போய்விட்டது, அதற்கு ஏழு வருடம் உள்ளே இருந்தான். அதற்கு மேல் நான் கேட்டதில்லை. யாரிடமும் கேட்பதில்லை என்பது என் வழக்கம். அவன் என் வகுப்பில் சேர்ந்தது படிப்பு ஆசையால் அல்ல, பட்டறையில் ஒரு ஃபேன் ஓடியதால்தான். “காத்துக்காக வந்தேன் சார்” என்று முதல் நாளே வெட்கமில்லாமல் சொன்னான். எனக்கு அவனைப் பிடித்துப்போனது அப்போதுதான். வயரைப் பல்லால் உரிப்பான், திட்டுவேன், மறுநாளும் உரிப்பான். ஆனால் கை என்றால் அது கை. வலை முடிந்து பழகிய விரல்கள். அவன் கட்டிய போர்டைத் திறந்தால் உள்ளே வயர்கள் கோலம் போட்டது போல இருக்கும்.

இப்போது நான் எழுத விரும்பாத இடம் வருகிறது.

அவன் வகுப்பில் இரண்டாவது வருடத்தில் இருந்தபோது, ஒரு சித்திரை மாதக் காலையில் பட்டறை ஃபேன் நின்றுபோனது. நான் நோட்டில் எதையோ எழுதிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “ஃபேன் ஓடலையே, யாராச்சும் என்னன்னு பாருங்கப்பா” என்றேன். வாய்ப்பழக்கம், வீட்டில் சொல்வது மாதிரி. செல்லையா வேலை மேசை மேல் ஸ்டூலைப் போட்டு ஏறிவிட்டான். நான் நிமிர்ந்து பார்த்தபோது அவன் கை ஃபேனுக்கு எட்டியிருந்தது. அந்த நொடியில் வெளியே விசில்.

விசில் அடித்தவர் ஹெட் வார்டர் சந்தனம். ஜன்னல் வழியாக ஒரு கைதியின் கால்கள் அந்தரத்தில் நிற்பதைப் பார்த்தால் யாராக இருந்தாலும் அடித்திருப்பார்கள். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நான் என்ன செய்தேன்? விசில் கேட்டதும் பயந்துபோய், அவரைவிடச் சத்தமாக, “இறங்குடா கீழே! யாருடா ஒன்ன ஏறச் சொன்னது?” என்று கத்தினேன்.

மறுநாள் சூப்பிரண்டு மாசிலாமணி ஐயா முன் விசாரணை. அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குரலை உயர்த்தி நான் பார்த்ததில்லை. யார் போய்ப் பேசினாலும், ஒரு பென்சிலை எடுத்து பிளேடால் சீவ ஆரம்பிப்பார். நிதானமாக, சுருள் அறாமல் சீவுவார். பென்சில் கூராகிவிட்டால் நம் நேரம் முடிந்தது என்று அர்த்தம். அதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும். முடிவில் எல்லாருக்கும் ஒரே பதில்தான், “எழுதிக் கொண்டாங்க.” எழுதிக் கொண்டுபோனால் அதிலிருக்கும் இடத்துக்குத் தானே நடந்துபோய் நின்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்.

அன்று என்னைக் கேட்டார். “நீங்க ஏறச் சொன்னீங்களா?”

“இல்லைங்கய்யா.”

பொய் இல்லை. ஏறு என்று நான் சொல்லவில்லை. பாருங்கப்பா என்றுதான் சொன்னேன். ஆனால் அதை நான் சொல்லவில்லை. செல்லையா எனக்குப் பக்கத்தில் தலைகுனிந்து நின்றான், அவனும் ஒன்றும் சொல்லவில்லை. உறவினர் வந்து பார்ப்பதை உள்ளே ‘மனு’ என்பார்கள். அவனுக்கு ஒரு மாதம் மனு ரத்து ஆனது. அந்த மாதம் அவன் அம்மா மீமிசலிலிருந்து பஸ் மாறி மாறி வந்து, கேட்டில் விஷயம் தெரிந்து திரும்பிப் போனார். நான் அப்போது கேட்டுக்குப் பக்கத்து டீக்கடையில் நின்றிருந்தேன். கருவாட்டுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு அந்த அம்மா பஸ்ஸுக்காக வெயிலில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். போய் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு செல்லையா வகுப்பில் ஸ்டூலில்கூட உட்காரவில்லை, தரையில்தான் உட்கார்ந்தான். பரீட்சையில் முதலாவதாக வந்தான். தண்டனை முடிந்து வெளியே வரும் நாளில் சான்றிதழை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, “வாரேன் சார்” என்றான். அங்கே யாரும் ‘வாரேன்’ என்று சொல்ல மாட்டார்கள், ‘போறேன்’ என்பார்கள். அவன் மறந்து சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அவனுக்கு வேலை வாங்கிக்கொடுத்ததும் நான்தான். அரிமளத்தில் கருப்பையா என்று ஒரு எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்டர், என்னோடு ஐ.டி.ஐ. படித்தவன். திருமயம் பக்கத்தில் ஒரு பெரிய பழைய வீட்டுக்குப் புதிதாக வயரிங் செய்ய எடுத்திருந்தான். வீட்டுக்காரர்கள் எல்லாரும் சென்னையில் இருக்கிறார்கள், தை மாதம் கல்யாணம், அதற்குள் வேலை முடிய வேண்டும். “கை சுத்தம், நான் பொறுப்பு” என்று சொல்லிச் செல்லையாவை அனுப்பினேன். செல்லையாவுக்கு அது வெறும் வேலை இல்லை. அவன் மனைவியும் மகளும் மனைவியின் அண்ணன் வீட்டில் இருந்தார்கள். மச்சினன் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். ஆறு மாதம் ஒரே வேலையில் நின்று காட்டட்டும், நானே கொண்டுவந்து விடுகிறேன் என்று. நியாயமான மனிதர்தான்.

மூன்றாம் நாள் கருப்பையா போன் செய்தான்.

“வாத்தியாரே, ஒங்க ஆளு பைப்பக் கையில குடுத்தா மொத வேலையா நடுவுல அறுக்குறான். அறுத்துட்டு, காலர் போட்டு ஒட்டுறான். ஏண்டா தம்பின்னா, ‘இப்புடித்தாங்க செய்வாங்க’ங்கிறான். இவனுக்குக் காலர் வாங்கியே நான் கடைய மூடிருவேன் போல!”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பைப் என்றால் ஐந்தடி என்றே அவன் கற்றிருக்கிறான்! கேட்டில் அறுத்து வந்த கதையைச் சொன்னதும் கருப்பையாவும் சிரித்தான். அன்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தேன்.

மூன்றாவது வாரம் மறுபடி போன் வந்தது. இந்தத் தடவை கருப்பையா சிரிக்கவில்லை.

“ஏற மாட்டேங்கிறான் வாத்தியாரே. தரையில நின்னு செய்யிற வேலையெல்லாம் முடிச்சிட்டான், ஒரு குத்தம் சொல்ல முடியாது. மேல ஏறச் சொன்னா ரெண்டு படி ஏறுறான், எறங்கிர்றான். வீடு பதினாலு அடி ஒசரம். ஏணியில ஏறாத வயர்மேன வச்சு நான் என்ன செய்ய? ஏட்டுச் சுரைக்காயக் குடுத்துட்டீகளே! திங்கக்கிழம வரைக்கும் பாப்பேன். அப்புறம் வேற ஆளத்தான் பாக்கணும், கோவிச்சுக்கிறாதீக.”

அடுத்த நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். பஸ்ஸில் போகும்போதே கோபம். இவ்வளவு சொல்லிக் கொடுத்து, இவ்வளவு சிபாரிசு செய்து, என் மானத்தை வாங்குகிறானே என்று. அந்த வீட்டின் பெரிய ஹாலில் ஏணி சாத்தியிருந்தது. செல்லையா என்னைப் பார்த்ததும் அழாத குறை. ஏறு பார்க்கலாம் என்றேன். ஒரு படி, இரண்டு படி. மூன்றாவது படியில் கால் வைத்ததும் கழுத்து இடப்பக்கம் திரும்பியது, வலப்பக்கம் திரும்பியது. சட்டை முதுகோடு ஒட்டியது. இறங்கிவிட்டான்.

“தல சுத்துதாடா?”

“இல்ல சார். சின்ன வயசுல பாய்மரத்துல ஏறிக் கயிறு கட்டுனவன் சார் நானு.”

“அப்பறம் என்னடா கேடு?”

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “காது சார். மூணாவது படியில கால வச்சதும் காது விசிலுக்குக் காத்துக்கிட்டு நிக்கிது. விசில் வரலேன்னாலும் விட மாட்டேங்குது. வந்துட்டாக்கூடத் தேவல போல இருக்கு.”

என் கோபம் போன இடம் தெரியவில்லை. கூரையை மார்பளவுக்கு இறக்கிவைத்துவிட்டு ஜன்னலோர சீட்டில் வந்த மகாராஜா இவன் முன்னால் என்ன பதில் சொல்வது? எத்தனை பேரை இப்படி அனுப்பியிருக்கிறேன்? எத்தனை பேர் மூன்றாவது படியோடு வேலையை விட்டுவிட்டு எனக்குச் சொல்லாமல் போயிருக்கிறார்கள்? ‘விசில் எல்லாம் வராதுடா’ என்று சொல்லிப் பார்த்தேன். அது அவனுக்கும் தெரியும். காதுக்குத்தான் தெரியவில்லை.

மறுநாள் காலை நேராகச் சூப்பிரண்டு அறைக்குப் போனேன். பென்சிலை எடுத்தார். ஏணி வேண்டும் என்று ஆரம்பித்தேன். செல்லையாவின் மூன்றாவது படியைச் சொன்னேன். சுருள் சுருளாகப் பென்சில் கூராகிக்கொண்டிருந்தது. முடியப்போகிறது என்று தெரிந்ததும் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“அய்யா, அன்னைக்கு நான் ஏறச் சொல்லல. ஆனா ஃபேன் ஓடல, பாருங்கப்பான்னு சொன்னேன். அதனாலதான் ஏறுனான். விசாரணையில நான் அதச் சொல்லல.”

மாசிலாமணி ஐயா பிளேடைக் கீழே வைத்தார். பென்சில் கூராவதற்கு முன் அவர் பிளேடை வைத்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“இத அவன்ட்ட சொல்லிட்டீங்களா?”

“இல்லைங்கய்யா.”

“எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? தண்டனையத் திருப்பி வாங்க முடியாது. அவன்ட்டப் போயிச் சொல்லுங்க. ஏணிக்கு எழுதிக் கொண்டாங்க.”

எழுதிக் கொடுத்தேன். அந்த ஏணி வந்து சேர ஆறு மாதம் ஆனது. அவர் வழக்கம் போல நடந்துபோய்ப் பட்டறையில் நின்றார், சுவரைத் தானே டேப் வைத்து அளந்தார். ஏணி சுவர் உயரத்தில் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. காலைக் கணக்கெடுப்பு முடிந்து வந்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் வெளியே போய்விட வேண்டும். அடிப்படியைச் சங்கிலியால் வேலை மேசையோடு பூட்ட வேண்டும். இரண்டு வார்டர்கள் கூட நிற்க வேண்டும். இத்தனையும் எழுதிய பிறகு கடைசியாக ஒரு வரி சேர்த்தார். அந்த நேரத்தில் காவல் டவரில் இருப்பவர், பட்டறையில் ஆள் ஏறுவது பயிற்சி என்பதைப் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும், விசில் அடிக்கக் கூடாது. விசில் அடிக்கக் கூடாது என்று ஒரு சிறை அதிகாரி எழுதிய உத்தரவை நான் வேறு எங்கும் கேள்விப்பட்டதில்லை. தம்பி திட்டிய கையெழுத்துகளில் டவர் கையெழுத்து அதுதான். இனிமேல் கொஞ்சம் மரியாதையாகத் திட்டட்டும்.

ஆனால் அதெல்லாம் பிறகு வருபவர்களுக்கு. செல்லையாவுக்குத் திங்கட்கிழமைதான் கெடு. நான் அறையை விட்டு வெளியேறும்போது சூப்பிரண்டு மணியை அடித்து ஹெட் வார்டர் சந்தனத்தைக் கூப்பிட்டார்.

“சந்தனம், ஞாயித்துக்கெழம ஒங்களுக்கு ஆஃப்தான?”

“ஆமாங்கய்யா.”

“வாத்தியார் திருமயம் பக்கம் போறாராம். வேலையில்லேன்னா கூடப் போயிட்டு வாங்க. யூனிஃபார்ம் வேணாம். இது ஆர்டர் இல்ல.”

சந்தனமும் நானும் பஸ்ஸில் போனோம். விஷயத்தை நான் சொல்லியிருந்தேன். ஊர் நெருங்கும்போது, “நான் டூட்டியப் பாத்தேன் வாத்தியாரே. அதுக்காக ஒருத்தன் வெளியில வந்தும் ஏறாம நிப்பான்னு நான் கண்டனா?” என்றார். வேட்டி சட்டையில் அவரை நான் அதுவரை பார்த்ததில்லை. சற்றே சிறுத்துப்போன மாதிரி இருந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

ஹாலில் செல்லையாவும் கருப்பையாவும் காத்திருந்தார்கள். சந்தனத்தைக் கண்டதும் செல்லையா சட்டென்று குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். விசிலே இல்லை.

“டேய், எந்திரிடா,” என்றார் சந்தனம். “எந்திரிப்பா. இந்தா, பழம்.”

அவன் பழத்தை வாங்கிக்கொண்டு எழுந்தான். நான் அவன் பக்கத்தில் போனேன். எழுத்தில் இப்படி வருகிறது, அன்று எப்படித் திக்கித் திணறிச் சொன்னேன் என்பது எனக்குத்தான் தெரியும். “செல்லையா, அன்னைக்கு ஃபேனப் பாருங்கன்னு சொன்னது நான்தான்டா. அய்யா முன்னாடி நான் அதச் சொல்லல. ஒங்கம்மா திரும்பிப் போனதுக்கு நான்தான் காரணம்.”

“தெரியும் சார்,” என்றான். “நீங்க சொன்னீங்கன்னுதான ஏறுனேன்.”

“அப்ப விசாரணையில ஏண்டா நீ சொல்லல?”

“சொன்னா ஒங்கள மாத்திருவாங்கன்னு பசங்க சொன்னாங்க. வகுப்பே நின்னுபோயிரும்ல சார்?” பழத்தின் தோலை மெதுவாக உரித்துக்கொண்டே சொன்னான். “எனக்கு ஒரு மாசந்தான போச்சு.”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஐம்பத்தாறு வயதில், கான்ட்ராக்டர் முன்னால், வார்டர் முன்னால் அழுதேன். வெட்கப்படவில்லை. இதை இப்போது எழுதும்போதும் கண் கலங்குகிறது, அதற்கும் வெட்கப்படவில்லை.

சந்தனம்தான் வேலையை ஆரம்பித்துவைத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியின் அடியில் போய் நின்று, இரண்டு கைகளாலும் அதைப் பிடித்தார். டூட்டிக் குரலில் அல்ல, வீட்டில் பிள்ளைகளிடம் பேசும் குரலாக இருக்க வேண்டும், அந்தக் குரலில் சொன்னார்.

“ஏறு. விசில் அடிக்கிறவன் இங்கிட்டு நிக்கிறேன். ரெண்டு கையும் ஏணியில இருக்கு, பாத்துக்க. ஏறு.”

செல்லையா ஏறினான். ஒரு படி, இரண்டு படி. மூன்றாவது படியில் நின்றான். கழுத்து திரும்பியது. கீழே பார்த்தான். சந்தனத்தின் இரண்டு கைகளையும் பார்த்தான். நாலாவது படியில் கால் வைத்தான். பிறகு அவன் எண்ணவில்லை, நானும் எண்ணவில்லை. உச்சிக்குப் போய், கூரையைக் கையால் தொட்டான்.

“நாளைக்கு எட்டு மணிக்கு வரச் சொல்லுங்க வாத்தியாரே,” என்று கருப்பையா என் காதில் சொன்னான். அந்த எட்டு மணிக்குச் செல்லையா ஒரு நாளும் தவறவில்லை. மச்சினனும் வாக்குத் தவறவில்லை. ஆறு மாதம் முடிந்த வாரமே மனைவியையும் மகளையும் அரிமளத்தில் கொண்டுவந்து விட்டார். பிள்ளையின் பள்ளிக்கூட பேக்கை அவரே தூக்கிக்கொண்டு வந்தாராம்.

ஆனால் நான் மறக்காதது அந்த ஞாயிற்றுக்கிழமையின் கடைசி ஐந்து நிமிடம். மேலே போனவன் சும்மா தொட்டுவிட்டு இறங்குவான் என்று நினைத்தோம். அவன் இடுப்பிலிருந்து டெஸ்டரை எடுத்தான். அங்கே ஒரு ஜங்ஷன் பாக்ஸ் பாதியில் நின்றிருந்தது. மூடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வயர்களைப் பிரித்து, ஒன்றைப் பல்லால் உரித்தான். “பல்லால உரிக்காதடா!” என்று நான் கீழேயிருந்து கத்தினேன். அவன் காதில் விழவேயில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது. அண்ணாந்து பார்த்தபடி நின்ற சந்தனத்துக்குக் கை வலித்திருக்க வேண்டும்.

“செல்லையா, போதும்ப்பா, எறங்கு,” என்றார்.

அவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

“இருங்கய்யா, இன்னும் வேல முடியல.”

சந்தனம் என்னைப் பார்த்தார். அப்புறம் காலைச் சற்று அகட்டி ஊன்றிக்கொண்டு, ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.